மணலில் பயின்ற வீச்சு

விருத்தாசலம் என்ற பெயரைக் கேட்டதும் சைவர்களுக்குப் பழமலைநாதர் சந்நிதியும், ரயில் பிரயாணிகளுக்கு விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு திசைக்கும் பாதை பிரியும் ஜங்ஷனும், மின்சாரச் சாமான் வியாபாரிகளுக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும், நவராத்திரி வந்தால் பெண்களுக்குப் பொம்மைகளும் நினைவுக்கு வரக்கூடுமே தவிர, கோல்ஃப் என்னும் விளையாட்டு எவருக்கும் நினைவுக்கு வருவதற்கு நியாயமில்லை. செம்மண் மேடும் முந்திரித் தோப்பும் சூழ்ந்த அந்தப் பிரதேசத்தில், புல் வளர்த்து, குழி வெட்டி, கொடி நட்டு வைத்த மைதானம் ஒன்றை நான் கண்டதில்லை. ஆயினும் அந்த விளையாட்டுக்கு ஜீவநாடியாகிய உடலின் சமநிலையை நான் கற்றது அவ்வூரிலேதான். கற்பித்தவர் சூளையில் சாமான் அடுக்கும் தொழிலாளி ஒருவர். கற்ற இடம் மணிமுத்தாற்றின் மணல்.

அக்காலத்தில் நான் பீங்கான் தொழிலில் டிப்ளமா முடித்துவிட்டு, ஊரிலேயே ஒரு செராமிக் கம்பெனியில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பீங்கான் தொழிலுக்கென்றே அரசினர் பயிலகம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தபடியாலும், 1956-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிறுவனத்தின் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருந்த வெண்களிமண் கூப்பிடு தூரத்தில் கிடைத்தபடியாலும், அங்கே சிறிதும் பெரிதுமாகப் பல கம்பெனிகள் தோன்றிச் சூளைப் புகை ஊரின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டிருந்தது. எங்கள் கம்பெனியில் கோப்பைகள் ஜிக்கர் என்னும் யந்திரத்தில் உருவாயின. சுழலும் தலையின்மேல் பிளாஸ்டர் அச்சை வைத்து, அதில் பதமான களிமண்ணை இட்டு, மேலிருந்து ஒரு தகட்டை இறக்கினால் களிமண் அச்சோடு அப்பிக் கோப்பையின் வடிவம் கொள்ளும். அந்த ஈரக் கோப்பைகளை அச்சோடு எடுத்து நீண்ட பலகையில் வரிசையாக வைத்து, பலகையை ஒரு தோளிலே ஏற்றி, உலர்த்தும் தட்டுகள் இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். நடை சற்றே குலுங்கினாலும் அச்சும் கோப்பையும் ஒன்றாய்ச் சரியும். இந்த வேலையில் இளைஞர்கள் பலர் திணறுகையில், அறுபதை நெருங்கிய ஒருவர் மட்டும் பலகை காற்றில் மிதப்பது போலத் தோன்றும்படி கொண்டுபோய் இறக்குவார். அவர்தான் என் ஆசான்.

சைதாப்பேட்டையில் பிறந்தவர். சிறுவயதில் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளே அமைந்திருந்த சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலில் துரைமார்களின் பை சுமக்கும் கேடியாக இருந்து, பின்னர் மனைவியின் ஊருக்கு வந்து குடியேறி, முதலில் முந்திரித் தோப்பிலும் பிறகு செராமிக் கம்பெனியிலும் உழைத்தவர். சுதந்திரத்துக்குப் பின் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுச் சென்ற ஏழாம் நம்பர் இரும்புக் கோல் ஒன்று அவரிடம் இருந்தது. கேடிகளின் வழக்கப்படி அதை அவர் ஸ்டிக் என்பார். பிடியின் தோல் நைந்து போனதால் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றியிருந்தார்; இரும்பின் முகத்தில் கோடுகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் கொட்டகைக்குப் பின்புறம் அவர் அதைத் துடைத்துக்கொண்டிருக்கக் கண்டு நான் விசாரிக்கப்போக, எனக்குள் அதுவரை இருந்தறியாத ஓர் ஆசை மூண்டது. "கத்துக்குடுங்க ஐயா" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் பாதங்களைப் பார்த்தார். "செருப்ப கழட்டிட்டு நில்லு தம்பி" என்றார். அதுவே முதற் பாடம்.

மாசி மகத்துக்குக் கூடிய ஜனங்கள் கலைந்து, ஆற்றில் நீர் ஓடையாகச் சுருங்கி, பங்குனி வெயிலில் மணற்பரப்பு விரிந்து கிடக்கும் மாதங்கள் அவருக்கு உகந்தவை. ஓடையை ஒட்டிய ஈர மணலையே அவர் தேர்ந்தெடுப்பார். உலர்ந்த மணலில் கால் புதையும், சுவடு நிற்காது என்பது அவர் கருத்து. எங்களிடம் உண்மையான கோல்ஃப் பந்துகள் ஒன்றிரண்டுதான் இருந்தன. கந்தலைச் சுருட்டித் தைத்த துணிப்பந்து ஒன்றைக்கூட அவர் எளிதில் கீழே வைக்க மாட்டார். பந்தைக் கண்டால் மனிதனுக்கு அடிக்கும் வெறி வந்துவிடுகிறது, வெறி வந்தவனுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகிறது என்று சொல்லி, வெறும் வீச்சை மாத்திரமே நெடுங்காலம் பயிற்றினார். இதனால் எனக்கு நேர்ந்த நன்மையின் அளவைப் பிற்காலத்தில், முதல் நாளிலேயே கூடை நிறையப் பந்துகளை வாங்கி வைத்துக்கொண்டு விளாசும் இளைஞர்களைப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

சமநிலை இந்த விளையாட்டில் ஏன் அவ்வளவு பிரதானம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். விதிகளின்படி 46 கிராமுக்கு மேற்படாத ஒரு சிறு பந்து அசையாமல் கிடக்கிறது. அடிப்பவன் கோலைப் பின்னே கொண்டுபோய், உடலைத் திருகி, மீண்டும் கொண்டுவந்து அதன்மேல் மோதுகிறான். சாதாரண ஆட்டக்காரரின் நீண்ட கோலின் தலையும்கூட மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். அந்தத் தலைக்கும் பந்துக்கும் ஏற்படும் ஸ்பரிசமோ ஒரு விநாடியை 2000 கூறாக்கினால் ஏறக்குறைய அதில் ஒரு கூறு. பந்து புறப்படும் திசை ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் 200 கஜம் சென்று சேர்கையில் மூன்றரை கஜம் விலகிவிடும். ஆகவே புறப்பட்ட இடத்துக்கே கோல் திரும்பி வரவேண்டும். அது திரும்பி வரவேண்டுமானால் அதைச் சுழற்றும் உடலின் அச்சு இடம் பெயராதிருக்க வேண்டும். அச்சு இடம் பெயராதிருக்க வேண்டுமானால் பாதங்கள் தரையோடு கொண்ட உறவு ஒரு கணமும் அறுபடலாகாது. வேகமாகச் சுழலும் கோலின் தலை மனிதனை வெளிப்புறமாக, அதாவது பந்தை நோக்கி, பல கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு இழுக்கிறது. அந்த இழுப்புக்கு இடங்கொடுத்தவன் கால்விரல்களின்மேல் சாய்வான்; அதற்கு அஞ்சியவன் குதிகாலில் உட்கார்ந்துவிடுவான். இரண்டு பேருக்கும் பந்து கோலின் நடுமுகத்தில் படாது. கை வீசும் விதத்தில் குற்றம் இருப்பதாக எண்ணிக் கையைத் திருத்த முயலும் அநேகர், தங்கள் குற்றம் பாதத்தில் இருப்பதை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள்.

இந்தச் சாஸ்திரம் எதுவும் அந்தப் பெரியவருக்குப் புஸ்தகத்தின் வாயிலாகத் தெரிந்ததன்று. அவர் படித்தது சுவடு. நான் ஒரு வீச்சை முடித்ததும், "அப்பிடியே பின்னால வா" என்று என்னை விலகச் சொல்லிவிட்டு, ஈர மணலில் குந்தி உட்கார்ந்து என் இரண்டு பாதங்கள் பதிந்த பள்ளங்களை விரலால் தொட்டுப் பார்ப்பார். இரண்டு சுவடுகளிலும் விரல் பக்கம் ஆழமாகத் தோண்டியிருந்தால் பந்தின்மேல் விழுந்துவிட்டேன் என்று பொருள். வலது சுவட்டில் குதிகால் பள்ளம் கலையாமல் ஆழ்ந்திருந்தால் எடை முழுவதையும் பின்னங்காலிலேயே விட்டுவிட்டு, கையை மட்டும் முன்னே அனுப்பினேன் என்று பொருள். வலது பாதத்தின் வெளிவிளிம்பு புதைந்திருந்தால், கோலைப் பின்னே கொண்டுபோகையில் உடலைத் திருப்புவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன் என்று பொருள். பழுதற்ற வீச்சின் சுவடு எப்படியிருக்கும் என்பதை அவரே வீசிக் காட்டினார்: வலது சுவட்டில் உள்விளிம்பு மட்டும் சற்று அழுந்தி, பெருவிரலின் அடியில் திருகாணி இறங்கினாற்போல ஒரு சிறு குழி, இடது சுவட்டில் பாதம் முழுவதும் சமமாகப் பதிந்து, வெளிவிளிம்பும் குதிகாலும் மாத்திரம் கொஞ்சம் ஆழம். அந்த இரண்டு சுவடுகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நாளில் பாதத்தின் அழுத்தத்தைப் படமாகக் காட்டும் மின்னணுத் தட்டுகள் வந்துவிட்டன; பயிற்சிக் கூடங்களில் வர்ணப் படமாக அவை காட்டும் விஷயமும், ஆற்று மணல் எனக்குக் காட்டிய விஷயமும் ஒன்றே.

அவருடைய பயிற்சிகளுக்கெல்லாம் ஒரே சூட்சுமம்தான் இருந்தது. மனிதன் நிற்பதற்கு எதையெல்லாம் ஊன்றுகோலாக நம்பியிருக்கிறானோ அதை ஒவ்வொன்றாகப் பறித்துவிட்டால், உடல் வேறு வழியின்றித் தன் நடுவைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அது. காலணியைப் பறித்தது முதலாவது. அடுத்துப் பறித்தது கால்களின் இடைவெளியை. இரண்டு பாதங்களையும் உள்விளிம்புகள் தொடும்படி ஒட்டி வைத்து நின்றுகொண்டு வீசச் சொன்னார். கால்களை அகட்டி நின்றபோது பலசாலியாகத் தோன்றும் மனிதன், கால்களை ஒட்டிய மாத்திரத்தில் ஒரு நாணலுக்குச் சமானமாகிவிடுகிறான். தோளை முரட்டுத்தனமாக முன்னே தள்ளினால் உடனே விழ வேண்டியதுதான். ஆகையால் வேகம் தோளின் பலாத்காரத்திலிருந்து அன்றி, முதுகெலும்பைச் சுற்றி நிகழும் திருப்பத்திலிருந்தும் கைகளின் தளர்ந்த ஓட்டத்திலிருந்தும் பிறக்க வேண்டியதாகிறது. இந்தப் பயிற்சி உலகெங்கும் கோல்ஃப் ஆசிரியர்கள் கையாள்வதுதான். ஆனால் அநேகர் இதை ஏதோ தொடக்கக்காரர்களுக்குரியது என்று நினைத்துச் சில நாளில் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பெரியவர் அப்படி விடவில்லை. கால்கள் ஒட்டிய நிலையில் வீச்சு ஓசையின்றி முடியத் தொடங்கிய பிறகே நாலு விரற்கடை விலக்க அனுமதித்தார். அது செம்மையானபின் மேலும் நாலு விரற்கடை. எந்த அகலத்தில் நின்றால் வீச்சின் நிதானம் கெடுகிறதோ அதற்கு ஒரு படி உள்ளேதான் ஒருவன் நிற்க வேண்டிய அகலம் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் பின்னால் படித்த எந்தப் புஸ்தகத்திலும் காணவில்லை.

மூன்றாவதாக அவர் பறித்தது ஒரு காலையே. வலது பாதத்தைப் பின்னே இழுத்து, பெருவிரல் நுனி மட்டும் மணலைத் தொட, எடை அனைத்தையும் இடது காலில் தாங்கியபடி அரை வீச்சாக வீச வேண்டும். தொடை நடுங்கும், கணுக்கால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நிமிரும். அந்த நடுக்கமே பயிற்சி என்பார் அவர். கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் திருத்தங்கள்தாம் நாம் சமநிலை என்று பெயரிட்டு அழைப்பது. அசையாமல் நிற்பவனைப் போலத் தோன்றுகிறவன், உண்மையில் கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவுகளால் கணந்தோறும் தன்னை நிமிர்த்திக்கொண்டிருப்பவன்தான்.

கடைசியாகப் பறித்தது கண்ணை. அந்தி மயங்கிய பின், கண்களை மூடிக்கொண்டு மிக மெதுவாக வீசச் சொல்வார். நாம் எப்படி நிற்கிறோம் என்பதைக் கண் ஒரு வழியாகவும், உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒரு வழியாகவும், உள்ளங்கால்களிலும் மூட்டுகளிலும் பரந்திருக்கும் நரம்புகள் ஒரு வழியாகவும் மூளைக்கு அறிவிக்கின்றன என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். இவற்றுள் கண் உரத்துப் பேசுவது. அது பேசும்வரை உள்ளங்கால் சொல்வது காதில் விழாது. கண்ணை மூடியதும் பாதத்தின் அடியில் நிகழ்வதெல்லாம் பெரிதாகித் தெரிந்தது. எடை குதிகாலிலிருந்து நடுப்பாதத்துக்கு வருவதையும், வலது காலின் உள்விளிம்பில் திரள்வதையும், பிறகு அங்கிருந்து கிளம்பி இடது காலுக்குள் இறங்குவதையும் நான் முதன்முதலாக அறிந்தது அப்பொழுதுதான்.

தலையைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் விரிவாகப் பேசினார். கோலை வீசும்போது தலையை அசைக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வதுண்டு. அதைக் கேட்டவர்கள் கழுத்தை விறைத்துக்கொண்டு உடலின் திருப்பத்தையே கெடுத்துக்கொள்வதும் உண்டு. பெரியவர் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், ஈரக் கோப்பைகள் அடுக்கிய பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்து காட்டினார். முழங்கால் மடங்குகிறது, இடுப்பு திரும்புகிறது, கை ஆடுகிறது, படி ஏறும்போது உடல் முழுவதும் உயர்கிறது. பலகை மட்டும் தன் மட்டத்தை விட்டு அசையவில்லை. "கீழ எல்லாம் வேல செய்யிது தம்பி, அதனாலதான் மேல நிக்கிது" என்றார். தலை அசையாமலிருப்பதற்கு வழி அதைப் பிடித்து நிறுத்துவதன்று, கால்களைத் தடையின்றி வேலை செய்ய விடுவதே என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாக யாரும் எனக்கு உணர்த்தியிருக்க முடியாது.

வீச்சின் முடிவில் நிற்பதில் அவர் காட்டிய கண்டிப்புக்கு எல்லையே இல்லை. எடை இடது காலில் முழுவதும் சேர்ந்து, வலது பாதம் விரல் நுனியில் எழும்பி, நெஞ்சு இலக்கைப் பார்த்துத் திரும்பி, கோல் தோளுக்குப் பின்னே சாய்ந்திருக்கும் அந்நிலையில், ஐந்தெழுத்தை அவசரமின்றி மும்முறை சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பந்து எங்கே போனது என்று தேடித் தலையை நீட்டினால் அந்த வீச்சு கணக்கில் சேராது. "வீசினது போதும், நின்னு காட்டு" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். ஆரம்பத்தில் இது வெறும் தோற்ற அழகுக்காக என்றே எனக்குப் பட்டது. ஆனால் முடிவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்று இருந்துவிட்டால், நிற்க முடியாத அளவுக்கு வேகத்தை உடல் தானாகவே மறுத்துவிடுகிறது. எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்ற கேள்விக்கு அவர் வைத்திருந்த விடை இதுதான்: நின்று முடிக்கக்கூடிய அளவுக்கு. அந்த அளவு மாதத்துக்கு மாதம் வளர்ந்தது. நானாக அதை வளர்க்க முயன்றதில்லை.

பிற்காலத்தில் இந்த விளையாட்டின் சரித்திரத்தைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது, மணிமுத்தாற்று மணலில் கேட்ட வார்த்தைகள் எத்தனையோ தேசங்களில் மெய்ப்பிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மலைப் பிரதேசத்தில் பிறந்த சாம் ஸ்நீட், ஆட்டத்தின் தாளம் தவறும்போதெல்லாம் வெறுங்காலோடு பயிற்சி செய்தவர். அந்நாட்டுத் தொழில்முறைச் சுற்றில் 82 வெற்றிகள் அவருடையவை. முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்த எர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், எஞ்சிய ஒற்றைக்காலில் நின்றே தேர்ந்த ஆட்டக்காரர்கள் மெச்சும்படி ஆடியதோடு, பின்னர் நியூயார்க் நகரில் பல்லாண்டுகள் ஆசிரியராகவும் விளங்கினார். எல்லாவற்றிலும் என் மனத்தை உருக்கியது பென் ஹோகன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரரின் வரலாறு. 1949 பிப்ரவரியில் அவருடைய காரின்மேல் பஸ் ஒன்று மோதி எலும்புகள் நொறுங்கின; இனி நடப்பாரா என்றே ஐயுற்றனர். 1950 ஜூனில், கட்டுப்போட்ட கால்களோடு மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டியில் ஆடி வென்றார். கடைசிக் குழியில் அவர் அடித்த அடியை ஹை பெஸ்கின் என்பவர் பின்புறமிருந்து எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தம். அதில் முகம் தெரியவில்லை. இடது காலில் ஊன்றி நிமிர்ந்த உடலும், விரல் நுனியில் நிற்கும் வலது பாதமும், அதன் அடியில் தெரியும் காலணியின் ஆணிகளும்தான் தெரிகின்றன. நொறுங்கிய கால்களை உடைய ஒருவர் அத்தகைய முடிவில் நிற்க முடிந்ததென்றால், அந்த நிலை அவருக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

உத்தியோகம் என்னைச் சென்னைக்கு அழைத்துச் சென்ற பிறகே நான் உண்மையான புல்தரையில் ஆடினேன். கிண்டியின் சமவெளியில் என் பயிற்சிகள் நன்மை செய்தன என்று மட்டும் சொல்லலாம். அவற்றின் மகிமை முழுவதும் வெளிப்பட்டது உதகமண்டலத்தில். 7000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், குன்றுகள் ஏறி இறங்கும் ஜிம்கானா மைதானத்தில், இரண்டு பாதங்களும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடம் அடிக்கடி வாய்ப்பதில்லை. பந்து பாதங்களைவிட மேலே கிடந்தால் சரிவு குதிகாலுக்கு இழுக்கும், வலக்கை ஆட்டக்காரனின் பந்து இடப்பக்கம் விலகும். கீழே கிடந்தால் முன்னே தள்ளும், பந்து வலப்பக்கம் போகும். ஏற்றத்தில் நின்று அடிக்கையில் எடை முன்னங்காலுக்கு வர மறுக்கும். மலைச் சரிவு ஒவ்வொன்றும் ஒரு புது ஊன்றுகோலைப் பறிப்பது. சமவெளியில் என்னைவிட மிகத் திறமையாக ஆடும் நண்பர்கள் அங்கே முழு வேகத்தில் வீசித் தள்ளாடியபோது, முக்கால் வேகத்தில் வீசி, முடிவில் நின்று, பந்தை நடுமுகத்தில் சந்திக்கும் வித்தை என் கால்களுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

நம் நாட்டில் கோல்ஃப் புதிதாக வந்த விளையாட்டன்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றி இன்றும் நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-இல் கல்கத்தாவில் அமைந்தது. ஆனால் அதன் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கவர்னர்களையும் கிளப்புத் தலைவர்களையும் குறித்த அளவுக்குப் பை சுமந்த சிறுவர்களைக் குறித்து எழுதியதில்லை என்பது என் மனத்தை உறுத்தும் விஷயம். ஒற்றைக் கோலும், பொறுக்கிய பந்தும், பிறர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் கூர்மையடைந்த கண்ணுமே முதலாகக் கொண்டு பயின்றவர்கள் அவர்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்று, அவ்வாறு வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார்; 1993-இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் அதே தொழிலிலிருந்து எழுந்த முனியப்பா 2009-இல் அப்பட்டத்தைப் பெற்றார். அவர்கள் வென்ற செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோதெல்லாம் எனக்குத் தோன்றியது: பட்டம் பெறாமலே மறைந்துபோன எத்தனை ஆசிரியர்கள் இந்நாட்டின் சூளைகளிலும் தோப்புகளிலும் உழைத்திருப்பார்கள், அவர்கள் அறிந்திருந்ததை யார் கேட்டு எழுதி வைத்தார்கள் என்பதே. நான் கற்றதையேனும் எழுதிவிட வேண்டுமென்று இந்தக் கட்டுரைக்குத் துணிந்தது அதனால்தான்.

இளைஞர்கள் என்னிடம் கேட்கும்போது, காலணி, இடைவெளி, ஒரு கால், கண் என்று பெரியவர் பறித்த அந்த வரிசையைத்தான் இன்றும் சொல்கிறேன். மணல் கிடைக்காதவர்கள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றுகூடச் செய்யலாம். கோலும் அவசியமில்லை; ஒரு துணியை முறுக்கிப் பிடித்தாலும் போதும். பின்னே கொண்டுபோக எடுக்கும் காலம் மூன்று பங்கானால் கீழே கொண்டுவர ஒரு பங்கு என்ற விகிதத்தைத் தேர்ந்த ஆட்டக்காரர்களின் படங்களை அளந்து பார்த்து ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் அந்த விகிதம் காக்கப்பட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் குறைத்துக்கொள்வது முதல் மூன்று பங்கைத்தான், அதனால்தான் கால் தடுமாறுகிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், சோர்வு வருவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். சோர்ந்த கால்கள் தவறான பாடத்தையும் அதே சிரத்தையோடு கற்றுக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கிடைத்த இரண்டு உபதேசங்கள் முரண்பட்டன. கோலைப் பின்னே கொண்டுபோகையில் இடது குதிகாலைத் தரையை விட்டு உயர விடலாமா என்பது அது. பெரியவர் உயர விடுவார். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லஸும் அப்படித்தான் செய்தார்கள். சென்னையில் எனக்குப் பயிற்சி தந்த இளம் ஆசிரியரோ, குதிகால் பதிந்தே இருக்க வேண்டும், அப்போதுதான் உடலின் முறுக்கு முழுமை பெறும், அசைவும் குறையும் என்று வாதித்தார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லையாதலால் வாதம் என் காலிலேயே நடந்தது. நெகிழ்ந்த இடுப்புள்ள இருபது வயதுக்காரனுக்கு இளைஞர் சொல்வது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்து இடுப்பு இறுகிப்போனவர்கள் குதிகாலை அழுத்தி வைத்துக்கொண்டு திரும்ப முயன்றால், திரும்புவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்ந்து வலது பாதத்தின் வெளிவிளிம்பில் போய் நிற்பார்கள். அவர்கள் பெரியவரின் வழியில் போவதே நலம். நான் இப்பொழுது உயர்த்துகிறேன். ஆனால் கோல் இறங்கத் தொடங்குமுன் அக்குதிகால் தான் கிளம்பிய இடத்திலேயே வந்து பதிந்துவிட வேண்டும், அந்தப் பதிவுதான் முன்வீச்சின் தொடக்கம் என்று பெரியவர் சொன்னதை அந்த இளைஞரிடம் சொன்னபோது, அவரும் அதைத் தடையின்றி ஒப்புக்கொண்டார்.